பிரேக்கிங் பேட்: திரைக்குப் பின்னால் நடந்தவை, கதைக்குள் ஒளிந்திருப்பவை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுரையீரல் புற்றுநோய் வந்த ஒரு வேதியியல் ஆசிரியர், குடும்பத்துக்குப் பணம் சேர்க்கிறேன் என்று பழைய மாணவன் ஒருவனோடு சேர்ந்து மெத் என்ற போதைப்பொருளைத் தயாரிக்க ஆரம்பிக்கிறார். வால்டர் வைட், ஜெஸ்ஸி பிங்க்மேன் என்ற இந்த இரண்டு பேரின் கதை 2008 ஜனவரி 20 அன்று அமெரிக்காவின் ஏஎம்சி சேனலில் தொடங்கி, 2013 செப்டம்பர் 29 அன்று முடிந்தது. 5 சீசன், 62 எபிசோட். இந்தத் தொடரைப் பார்த்து முடித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். யார் எப்போது சாகிறார்கள் என்பது உட்பட எல்லாமே வெளிப்படையாக வரும். பார்க்காதவர்கள் தயவுசெய்து முதலில் தொடரைப் பார்த்துவிடுங்கள். தெரியாமல் பார்க்கும் சுகத்தை இந்தப் பக்கத்துக்காக இழக்க வேண்டாம்.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது?

உருவாக்கியவர் வின்ஸ் கில்லிகன். அதற்கு முன் 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரில் பல வருடம் எழுதியவர். அந்தத் தொடர் முடிந்து வேலை இல்லாமல் இருந்தபோது, அங்கே கூட எழுதிய தாமஸ் ஷ்னாஸ் என்ற நண்பரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். அடுத்து என்ன வேலைக்குப் போவது என்று பேச்சு போனபோது, ஒரு வேனுக்குள் மெத் காய்ச்சிக்கொண்டே ஊர் ஊராகப் போகலாம் என்று விளையாட்டாக ஒரு வார்த்தை விழுந்தது. அதைக் கில்லிகன் விடாமல் பிடித்துக்கொண்டார். ஷ்னாஸும் பின்னால் இதே தொடரின் எழுத்தாளர் குழுவில் சேர்ந்தார்.

கதையைச் சேனல்காரர்களிடம் விற்கும்போது கில்லிகன் சொன்ன ஒரு வரி பிரபலம்: மிஸ்டர் சிப்ஸை எடுத்து ஸ்கார்ஃபேஸாக மாற்றப் போகிறேன் என்றார். சிப்ஸ் என்பவர் 'குட்பை, மிஸ்டர் சிப்ஸ்' கதையில் வரும் சாதுவான பள்ளி ஆசிரியர். ஸ்கார்ஃபேஸ், 1983-இல் வந்த படத்தில் அல் பசீனோ நடித்த போதைப்பொருள் தாதா. வழக்கமாகத் தொலைக்காட்சித் தொடரின் நாயகன் வருடக்கணக்கில் ஒரே ஆளாக இருப்பார், சம்பவங்கள்தான் மாறும். இங்கே ஆளே மாறுவதுதான் கதை.

காமெடி நடிகரான பிரையன் கிரான்ஸ்டனை ஏன் எடுத்தார்கள்?

சேனலுக்கும் இதே சந்தேகம்தான். 'மால்கம் இன் தி மிடில்' என்ற நகைச்சுவைத் தொடரில் அசட்டு அப்பாவாக வந்தவரை வைத்து இப்படி ஒரு கதையா என்று தயங்கினார்கள். கில்லிகனிடம் ஒரு சாட்சி இருந்தது. 1998-இல் எக்ஸ்-ஃபைல்ஸுக்காக அவர் எழுதிய 'டிரைவ்' என்ற எபிசோட். அதில் கிரான்ஸ்டனுக்கு ஒரு விநோதமான வேடம்: கார் மேற்குத் திசையில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் தலை வெடித்துவிடும். அந்த ஆள் நல்லவனும் இல்லை. வாயைத் திறந்தால் இனவெறி. ஆனாலும் கடைசியில் அவன் சாகும்போது பார்ப்பவர்களுக்குப் பாவமாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே முகத்தில் கொண்டுவந்தவர் கிரான்ஸ்டன்தான் என்று அந்த எபிசோடைப் போட்டுக்காட்டினார். தயக்கம் தீர்ந்தது.

அப்புறம் நடந்தது ஊரறிந்த கதை. சிறந்த நடிகருக்கான எம்மி விருதை இந்த ஒரே வேடத்துக்காக 4 முறை வாங்கினார் (2008, 2009, 2010, 2014). மூன்று எபிசோட்களை அவரே இயக்கவும் செய்தார். மூன்றாவது சீசனின் தொடக்கத்தில் கொலையாளிகளான சலமங்கா சகோதரர்கள் புழுதியில் ஊர்ந்து போகும் காட்சி ஞாபகம் இருக்கிறதா? அது அவர் இயக்கியதுதான்.

கதை ஆல்பகர்க்கியில் நடப்பதற்கு ஏதாவது காரணம் உண்டா?

உண்டு, பணம். கில்லிகன் முதலில் எழுதியது கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு நகரத்தை வைத்து. ஆல்பகர்க்கி இருக்கும் நியூ மெக்சிகோ மாநிலம் படப்பிடிப்புச் செலவில் 25 சதவீதத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்ததால் எல்லோரும் அங்கே போனார்கள். இன்று அந்தப் பாலைவனமும் அந்த அகண்ட வானமும் இல்லாமல் இந்தத் தொடரை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. செர்ஜியோ லியோனியின் கௌபாய் படங்கள் கில்லிகனுக்கு உயிர். மனிதனைப் புள்ளியாக்கிவிடும் அந்த மாதிரி அகல ஷாட்டுகளை எடுக்க, கணக்குப்பிள்ளை காட்டிய இடமே வசதியாக அமைந்துவிட்டது. இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். கையைக் கட்டிப்போடும் சூழ்நிலை வரும்போதெல்லாம் இவர்கள் அதைக் கதைக்கு லாபமாக மாற்றியிருக்கிறார்கள். கீழே வரும் பல பதில்களில் இதைப் பார்க்கலாம்.

ஜெஸ்ஸி முதல் சீசனிலேயே சாக வேண்டியவன் என்பது உண்மையா?

உண்மை. ஒரு பேரம் சொதப்பி அவன் சாவான், அந்தக் குற்ற உணர்ச்சியில் வால்ட் தவிப்பார் என்பதுதான் கில்லிகனின் முதல் திட்டம். ஆனால் "எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம்தான் ஜெஸ்ஸியைக் காப்பாற்றியது" என்று பலரும் சொல்வது சரியல்ல. 2007–08 வேலைநிறுத்தத்தால் முதல் சீசன் 9 எபிசோடிலிருந்து 7 ஆகக் குறைந்தது வாஸ்தவம். ஆனால் இரண்டாவது எபிசோட் எடுக்கும்போதே, ஆரோன் பாலின் நடிப்பைப் பார்த்து, இந்தப் பையனைக் கொல்வது பெரிய முட்டாள்தனம் என்று முடிவு செய்துவிட்டதாகக் கில்லிகனே விளக்கியிருக்கிறார். ஆரோன் பால் பின்னால் 3 எம்மி வாங்கினார். பெருமை அவருக்குப் போக வேண்டியது, வேலைநிறுத்தத்துக்கு அல்ல.

மைக் கதாபாத்திரம் தற்செயலாக வந்ததா?

ஆமாம். இரண்டாவது சீசனின் கடைசி எபிசோடில், ஜெஸ்ஸியின் காதலி ஜேன் இறந்து கிடக்கும் வீட்டுக்கு வந்து தடயங்களை அழித்து, ஜெஸ்ஸிக்குப் போலீசிடம் என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் தேவை. அங்கே வர வேண்டியவர் வக்கீல் சால் குட்மேன். அந்த வேடத்தில் நடித்த பாப் ஓடன்கர்க் 'ஹவ் ஐ மெட் யுவர் மதர்' தொடருக்குத் தேதி கொடுத்திருந்ததால் வர முடியவில்லை. சாலின் ஆளான மைக் என்று சொல்லி ஜானதன் பேங்க்ஸை ஒரே ஒரு காட்சிக்குக் கொண்டுவந்தார்கள். "எழுந்தேன், பார்த்தேன், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்" என்ற ரீதியில் ஜெஸ்ஸியைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் அந்த அலுப்பான குரலைக் கேட்ட யாரும் அவரை விட்டிருக்க மாட்டார்கள்.

ஸ்கார்ஃபேஸ் பற்றிய குறிப்புகள் எங்கெல்லாம் வருகின்றன?

கண்ணுக்கு நேராகத் தெரிவது ஐந்தாவது சீசனில். வால்ட் மகனோடும் கைக்குழந்தையோடும் உட்கார்ந்து அந்தப் படத்தையே பார்க்கிறார். இந்தப் படத்தில் எல்லோருமே செத்துப்போகிறார்கள், இல்லையா என்று சாதாரணமாகச் சொல்கிறார். அவர் மனைவி ஸ்கைலர் அதைப் பார்த்து நிற்கிறாள்.

நடிகர்கள் தேர்வில் இருப்பது இன்னும் ஆழம். போதைப்பொருள் கும்பல் தலைவன் டான் எலாடியோவாக வரும் ஸ்டீவன் பவர், ஸ்கார்ஃபேஸில் நாயகனின் உயிர் நண்பன் மேனியாக நடித்தவர். மணி அடித்தே பேசும் ஹெக்டர் சலமங்காவாக நடித்த மார்க் மார்கோலிஸ், அதே படத்தில் ஆல்பர்டோ என்ற கூலிக் கொலையாளி. அந்தப் படத்தில் ஆல்பர்டோ ஒரு காரில் குண்டு வைத்துவிட்டு, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்தொடர்வான். காரில் குழந்தைகள் இருப்பதைப் பார்த்த நாயகன், அவன் பொத்தானை அழுத்துவதற்குள் அவனைச் சுட்டுவிடுவான். 28 வருடம் கழித்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அதே நடிகர், மணியை அடித்து அடித்து குண்டை வெடிக்கவைக்கிறார். இதைத் திட்டமிட்டே செய்தார்களா, அமைந்துவிட்டதா, எப்படியிருந்தாலும் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் மயிர்க்கூச்செறியும்.

இரண்டாவது சீசன் எபிசோட் தலைப்புகளில் ரகசியம் இருக்கிறதாமே?

இருக்கிறது. அந்த சீசனில் 4 எபிசோட்கள் மட்டும் கருப்பு வெள்ளைக் காட்சியோடு தொடங்கும். நீச்சல் குளம், அதில் மிதக்கும் பாதி கருகிய பொம்மைக் கரடி. கரடி மட்டும் இளஞ்சிவப்பு. அந்த நான்கின் தலைப்புகளை வரிசையாகப் படியுங்கள்: 'செவன் தர்ட்டி-செவன்', 'டவுன்', 'ஓவர்', 'ஏபிக்யூ'. 737 விமானம் ஆல்பகர்க்கி மேலே விழுந்தது என்று ஒரு வாக்கியமே கிடைக்கும். ஏபிக்யூ அந்த ஊர் விமான நிலையத்தின் குறியீடு. 13-வது எபிசோடில் நடக்கப்போவதை முதல் வாரத்திலிருந்தே தலைப்பில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள், ஒளிபரப்பான சமயத்தில் பெரும்பாலானோர் கவனிக்கவே இல்லை. அந்தக் கரடியின் கருகிய பாதி முகத்தையும், நான்காவது சீசன் முடிவில் போதைப்பொருள் முதலாளி கஸ் ஃப்ரிங்கின் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜேன் சாகும் காட்சி பற்றி…

மூச்சுத் திணறும் ஜேனை வால்ட் காப்பாற்றாமல் பார்த்துக்கொண்டு நிற்கும் காட்சி. எழுத்தாளர் அறையில் முதலில் பேசப்பட்டது இதைவிடக் கொடூரமானது, வால்ட் தன் கையாலேயே அவளுக்கு ஊசி போடுவதாக. அது சீக்கிரம், இந்த ஆள் இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை என்று மாற்றினார்கள். சரியான முடிவு. ஏனென்றால் சும்மா நிற்பதுதான் நம்மை அதிகமாகச் சுடுகிறது. படப்பிடிப்பின்போது ஜேனாக நடித்த கிரிஸ்டன் ரிட்டரின் முகம் ஒரு கணம் தன் சொந்த மகளின் முகமாகத் தெரிந்ததாகவும், காட்சி முடிந்ததும் உடைந்து அழுததாகவும் கிரான்ஸ்டன் சொல்லியிருக்கிறார். திரையில் அவர் வாயைப் பொத்திக்கொள்வதைக் கவனித்துப் பாருங்கள்.

தொடரில் வரும் வேதியியல் உண்மையா?

பாதி. முதல் சீசன் ஓடியபோது, எங்களுக்கு அறிவியல் ஆலோசகர் யாரும் இல்லை, யாராவது உதவினால் நல்லது என்று கில்லிகன் ஒரு வேதியியல் இதழுக்கு அளித்த பேட்டியில் சொன்னார். அதைப் படித்துவிட்டு ஓக்லஹோமா பல்கலைக்கழகப் பேராசிரியர் டோனா நெல்சன் தானாக முன்வந்தார். கரும்பலகையில் வரும் மூலக்கூறு வரைபடங்கள், வகுப்பறைப் பேச்சு இவையெல்லாம் நன்றாக இருப்பதற்கு அவர் ஒரு காரணம். செய்முறையை மட்டும் யாரும் பார்த்துச் செய்துவிட முடியாதபடி வேண்டுமென்றே அரைகுறையாக வைத்தார்கள்.

புகழ்பெற்ற நீல நிறம் கற்பனை. சுத்தமான சரக்கு நிறமில்லாமலோ வெள்ளையாகவோதான் இருக்கும். வால்டரின் சரக்குக்கு ஒரு அடையாளம் வேண்டும் என்பதற்காக நீலமாக்கினார்கள். திரையில் தெரிவது ஆல்பகர்க்கி மிட்டாய்க் கடை ஒன்றில் செய்த நீலக் கற்கண்டு. நடிகர்கள் அதை வாயில் போட்டுக்கொண்டே திரிந்தார்கள்.

அமிலம் குளியல் தொட்டியையே கரைத்துக்கொண்டு மாடியிலிருந்து கீழே விழும் காட்சியையும், போதைப்பொருள் தாதா டூக்கோவின் அறையில் வால்ட் ஒரு துண்டுப் படிகத்தை வீசி வெடிக்கவைக்கும் காட்சியையும் இப்படிப்பட்டவற்றைச் செய்துபார்க்கும் டிவி நிகழ்ச்சியான 'மித்பஸ்டர்ஸ்' குழு 2013-இல் சோதித்தது. தொட்டி கரையவில்லை. அந்தப் படிகம் தொடரில் காட்டியபடி வெடிக்க இன்னும் நிறைய வேண்டும், அவ்வளவு போட்டால் அறையில் இருக்கும் யாரும் உயிரோடு வெளியே நடந்துவர முடியாது.

வால்டர் வைத்துக்கொண்ட புனைபெயருக்கு மூலம் வெர்னர் ஹைசன்பெர்க், நிச்சயமின்மைக் கோட்பாட்டை 1927-இல் சொன்ன ஜெர்மானிய இயற்பியலாளர். தலைப்பில் பச்சையாகத் தெரியும் இரண்டு கட்டங்கள் தனிம அட்டவணையின் புரோமினும் (35) பேரியமும் (56).

ஒரு எபிசோட் முழுக்க ஈயைத் துரத்துகிறார்களே, ஏன்?

மூன்றாவது சீசனின் 'ஃப்ளை'. பட்ஜெட் எகிறிவிட்டது. புதிய இடம் இல்லாமல், கூட்டம் இல்லாமல், இருக்கிற ஆய்வகச் செட்டில் இரண்டே நடிகர்களை வைத்து ஒரு எபிசோடை முடிக்க வேண்டிய கட்டாயம். இயக்கியவர் ரையன் ஜான்சன். ரசிகர்கள் இன்றும் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். நான் இதைத் தாங்கிப்பிடிக்கும் கட்சி. தூக்க மாத்திரை மயக்கத்தில் வால்ட், தான் எந்த இரவில் செத்திருந்தால் சரியாக இருந்திருக்கும் என்று தேடிக்கொண்டே போகிறார். ஜேன் விஷயம் வாய்வரை வந்துவிடுகிறது. ஏணியில் தள்ளாடியபடி ஜெஸ்ஸி நிற்கிறான், அதைக் கீழே பிடித்துக்கொண்டிருப்பவர் வால்ட். துப்பாக்கியே இல்லாத இந்தக் காட்சியில் இருக்கும் பயம், பல துப்பாக்கிச் சண்டைகளில் இல்லை.

கஸ் ஃப்ரிங்கின் மரணத்தை எப்படி எடுத்தார்கள்?

குண்டு வெடித்த அறையிலிருந்து கஸ்ஸாக நடித்த ஜியான்கார்லோ எஸ்பொசிட்டோ நிதானமாக வெளியே வருகிறார், டையைச் சரிசெய்கிறார், கேமரா மெல்லச் சுற்றிப் போனால் மறுபக்கத்தில் முகமே இல்லை. ஒப்பனை, கணினி வரைகலை இரண்டையும் கலந்து மாதக்கணக்கில் உழைத்து எடுத்தது. அதே சேனலில் ஓடிய 'தி வாக்கிங் டெட்' தொடரின் ஒப்பனைக் கலைஞர்கள் கைகொடுத்தார்கள். டையைச் சரிசெய்வதுதான் அந்தக் காட்சியின் உயிர். வாழ்நாள் முழுக்க ஒழுங்கைக் காட்டியே உலகத்தை ஏமாற்றியவன், செத்த பிறகும் ஒரு நொடி அதையே செய்கிறான்.

ஹாங்க் கழிவறையில் எடுக்கும் புத்தகம் எது?

வால்ட் விட்மனின் 'லீவ்ஸ் ஆஃப் கிராஸ்' கவிதைத் தொகுப்பு. வால்டரின் ஆய்வக உதவியாளர் கேல் பரிசாகக் கொடுத்தது. கேல் மூன்றாவது சீசனிலேயே விட்மனின் கவிதை ஒன்றை வால்டருக்குச் சொல்லிக்காட்டுவார். நான்காவது சீசனில் கேலின் குறிப்பேட்டில் இருந்த முதலெழுத்துகளைப் பார்த்து, வால்டரின் சகலையும் போதைப்பொருள் தடுப்பு அதிகாரியுமான ஹாங்க், உங்கள் பெயரும் இதே எழுத்துகள்தானே என்று வால்டரிடமே கேலி செய்வார். வால்டர் விட்மன் பெயரைச் சொல்லித் தப்பிப்பார். தப்பிக்கச் சொன்ன அதே கவிஞர்தான் கடைசியில் காட்டிக்கொடுக்கிறார். அந்த எபிசோடின் தலைப்பும் விட்மன் கவிதையிலிருந்து வந்ததே.

'ஓசிமாண்டியஸ்' ஏன் இவ்வளவு கொண்டாடப்படுகிறது?

2013 செப்டம்பர் 15 அன்று வந்தது. எழுதியவர் மோய்ரா வாலி-பெக்கெட், இயக்கியவர் அதே ரையன் ஜான்சன். தலைப்பு, ஷெல்லி 1818-இல் வெளியிட்ட கவிதையுடையது. மாபெரும் மன்னனின் சிலை பாலைவன மணலில் உடைந்து கிடப்பதைப் பற்றிய கவிதை. வால்டர் கட்டியதெல்லாம் மணலில் சரியும் எபிசோடுக்கு வேறு தலைப்பு பொருந்தாது. அவர் பணப் பீப்பாயைத் தனியாக உருட்டிக்கொண்டு போகும்போது, தரையில் ஒரு பழைய பேன்ட் கிடக்கும். முதல் எபிசோடில் வேனிலிருந்து பறந்துபோன அதே பேன்ட்! தொடக்கத்தில் வரும் பழைய நாள் காட்சி, முழுத் தொடருக்கும் கடைசியாகப் படமாக்கப்பட்ட காட்சி.

இன்னொன்று. கடத்திக்கொண்டு வந்த குழந்தையை வால்டர் துணி மாற்றும் மேசையில் வைத்துக் கொஞ்சும்போது அது "மாமா" என்று அம்மாவைக் கூப்பிடும். அது வசனத்தில் இல்லை. கேமராவுக்கு அந்தப் பக்கம் நின்ற தன் தாயைப் பார்த்து அந்தக் குழந்தை நிஜமாகவே கூப்பிட்டது. கிரான்ஸ்டன் நடிப்பை நிறுத்தவில்லை, அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டார். குழந்தையைத் திருப்பிக் கொடுக்க அவர் முடிவெடுக்கும் இடம் அதுதான் என்று இன்று நமக்குத் தோன்றுகிறதே, அவ்வளவும் ஒரு குழந்தையின் தற்செயல்.

இயந்திரத் துப்பாக்கியை முன்பே திட்டமிட்டு வைத்தார்களா?

இல்லை. ஐந்தாவது சீசனின் முதல் காட்சியில் வால்டர் தன் 52-வது பிறந்தநாளில் எம்60 துப்பாக்கி இருக்கும் கார் ஒன்றை வாங்குகிறார். அதை யாரைச் சுட வாங்கினார் என்று எழுதியவர்களுக்கே அப்போது தெரியாது. கதை அங்கே போய்ச் சேரும் வரை அந்தத் துப்பாக்கி அவர்களை வாட்டியெடுத்தது.

முடிவுக்குக் கில்லிகன் ஒரு பழைய படத்திடம் கடன் வாங்கியதை ஒளிக்கவில்லை. ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' (1956). அதில் ஜான் வெய்ன் தன் அண்ணன் மகளைக் கொல்லத்தான் வருடக்கணக்கில் தேடுகிறார். நேரில் பார்த்ததும் தூக்கி அணைத்துக்கொள்கிறார். ஜெஸ்ஸியைக் கொல்லும் எண்ணத்தோடு வந்த வால்டர், சங்கிலியில் கட்டுண்ட அவனைப் பார்த்ததும் மேலே பாய்ந்து காப்பாற்றுவது அதன் எதிரொலி.

கடைசி எபிசோடின் தலைப்பு 'ஃபெலீனா'. மார்ட்டி ராபின்ஸ் 1959-இல் பாடிய 'எல் பாசோ' பாட்டில் வரும் பெண்ணின் பெயரை ஒட்டியது. காதலியைத் தேடி, சாவோம் என்று தெரிந்தே திரும்பி வரும் ஒருவனின் பாட்டு அது. வால்டர் திருடும் காரில் அந்த கேசட் இருக்கிறது. அவர் சாகும்போது ஒலிப்பது பேட்ஃபிங்கர் குழுவின் 'பேபி ப்ளூ'. காதலிக்காக எழுதிய பாட்டு, இங்கே தன் நீலச் சரக்கையும் ஆய்வகத்தையும் தடவிக்கொண்டு சாகும் மனிதனுக்கு.

ஜெஸ்ஸியின் நண்பர்கள் பேசும் வெட்டிப்பேச்சுக்கு அர்த்தம் உண்டா?

பேட்ஜரும் ஸ்கின்னி பீட்டும் வீடியோ கேம் ஜாம்பிகளில் எது பயங்கரம் என்று வாதாடுவார்கள்; பேட்ஜர் 'ஸ்டார் டிரெக்' கதாபாத்திரங்களை வைத்துத் தானே யோசித்த கதையைச் சொல்வான். அந்த நேரத்தில் ஜெஸ்ஸியின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். ஊரே அரட்டையடிக்க, அவன் உள்ளே செத்துக்கொண்டிருப்பான். கேலைக் கொன்ற பிறகு 'ரேஜ்' என்ற கேமை விளையாடும்போது திரையில் கேலின் முகமே வரும். விளம்பரத்துக்காக நுழைந்த கேம்தான், ஆனால் காட்சியில் விளம்பர வாடை கொஞ்சமும் இல்லை. அவன் பிடித்திருக்கும் துப்பாக்கி வடிவக் கருவி மட்டும் நிஜ கேமில் கிடையாது.

வால்டர் கொன்றவர்களின் பழக்கம் அவருக்கே தொற்றுகிறதா?

ரசிகர்கள் கண்டுபிடித்த அழகான நூல் இது. போதைப்பொருள் விற்கும் கிரேஸி-8 சாண்ட்விச்சின் ஓரங்கள் வேண்டாம் என்பான். அவனைக் கொன்ற பிறகு வால்டர் ஓரங்களை வெட்டிச் சாப்பிடுவார். கஸ் வாந்தியெடுக்கும் முன் முழங்காலுக்குக் கீழே துண்டை மடித்துப் போடுவார். பின்னால் வால்டரும் அதையே செய்வார். கடைசியில் அவர் ஓட்டி வருவதும் கஸ் வைத்திருந்ததைப் போல ஒரு வோல்வோ கார்.

ஸ்கைலரை ஏன் இவ்வளவு பேர் வெறுத்தார்கள்?

கதையை வால்டரின் கண் வழியே பார்த்ததால், அவர் வழியில் குறுக்கே நிற்கும் எல்லோரும் எதிரியாகத் தெரிந்தார்கள். அதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் வெறுப்பு அந்த வேடத்தில் நடித்த ஆனா கன் மீதே பாய்ந்தது. கொலை மிரட்டல் அளவுக்குப் போனது. 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் அவரே கட்டுரை எழுத வேண்டியதாயிற்று. புருஷன் போதைப்பொருள் காய்ச்சுகிறான், பொய் சொல்கிறான், வீட்டுக்குள் கொலைகாரர்களை வரவழைக்கிறான், அதைக் கேள்வி கேட்டவளையா திட்டுவது? இரண்டாவது முறை பார்க்கும்போது ஸ்கைலர் இருக்கும் காட்சிகளை மட்டுமாவது அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். அவருக்கு 2013, 2014 இரண்டு வருடமும் எம்மி கிடைத்தது.

வால்டர் வீட்டுக் கூரையில் பீட்சா வீசலாமா?

கூடாது. மூன்றாவது சீசனில் கோபத்தில் வால்டர் வீசும் பீட்சா கூரையில் அப்படியே போய் உட்காரும், கிரான்ஸ்டன் முதல் வீச்சிலேயே சாதித்தது. ஆனால் அந்த வீட்டில் நிஜமாகவே ஒரு குடும்பம் வாழ்ந்துகொண்டிருந்தது. ரசிகர்கள் பீட்சா வாங்கிப்போய் வீச ஆரம்பித்ததும், 2015-இல் கில்லிகனே தயவுசெய்து நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். 2017-இல் அவர்கள் சுற்றிலும் இரும்பு வேலி போட்டுக்கொண்டார்கள். ஊரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு, 2022-இல் மாநாட்டு மையத்தில் வைத்த வால்டர், ஜெஸ்ஸி வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. கஸ்ஸின் கோழிக்கடையாக நடித்த ட்விஸ்டர்ஸ் உணவகமும் இருக்கிறது. அங்கே போங்கள்.

முடித்துவிட்டேன். அடுத்து எதைப் பார்ப்பது?

'எல் கமீனோ' (2019) படம் ஜெஸ்ஸி தப்பிய நிமிடத்திலிருந்து தொடங்குகிறது. அதில் ஆட்களை ஊரைவிட்டு மறையவைக்கும் எட் வேடத்தில் வந்த ராபர்ட் ஃபார்ஸ்டர், படம் வெளியான அதே அக்டோபர் 11 அன்று காலமானார். 'பெட்டர் கால் சால்' (2015–2022) சாலின் முன்கதை, 63 எபிசோட். முதல் சீசன் மெதுவாகப் போகும், பொறுமையாக இருங்கள். அதில் வரும் கருப்பு வெள்ளைக் காட்சிகள் பிரேக்கிங் பேடுக்குப் பின்னால் நடப்பவை. அதனால் எப்போதும் பிரேக்கிங் பேட் முதலில், சால் கடைசியில்.